மலையேறினால் ‘நெட்’ போகிறது! சித்திரபுரத்தில் செல்போனோடு திண்டாடும் தமிழர்கள்

சித்திரபுரம்,

மூணாறில் இருந்து அடிமாலி பக்கம் சுமார் 10 கிலோமீட்டர் இறங்கினால் சித்திரபுரம். திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாளின் பெயரைத் தாங்கிய ஊர். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் மின்நிலையம் 1940-ம் ஆண்டில் ஓடத் தொடங்கியது இந்தச் சரிவில்தான். மலையாள தேசத்துக்கே முதலில் ஆற்றுத் தண்ணீரில் இருந்து மின்சாரம் எடுத்துக் கொடுத்த ஊர் என்ற பெருமை இதற்கு உண்டு.

அந்த ஊரில் இன்றைக்கு வந்து இறங்கும் தமிழ்த் தொழிலாளி முதலில் கேட்கும் கேள்வி என்ன தெரியுமா?

“அண்ணே, இங்க டவர் கிடைக்குமா?” என்பதுதான்.

டவர் கிடைக்கிறது. ஆனால் ‘நெட்’ கிடைப்பதில்லை. பேச முடிகிறது, பணம் அனுப்ப முடிவதில்லை. சில வளைவுகளில் இரண்டும் கிடைப்பதில்லை. இதனால் படும் பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

கொத்தனார் பட்ட பாடு

தேனி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு கொத்தனார், தங்கும் விடுதி ஒன்றின் கட்டிட வேலைக்காக இங்கே வந்திருந்தார். மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்குத் தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கொத்தனார் போடி பஸ் ஏறி, போடிமெட்டு வழியாக மலைக்கு வந்து சேர்ந்த அன்று மாலையே மாமியாரிடம் இருந்து போன் வந்தது.

“மாப்பிள்ளை, ஆபரேஷன் பண்ணணுமாம். உடனே 6 ஆயிரம் கட்டச் சொல்றாங்க. போன்லயே அனுப்பி விட்டுருங்க.”

பணம் இருந்தது. மேஸ்திரி கொடுத்த முன்பணம் பாங்கிக் கணக்கில் பத்திரமாக இருந்தது. ஆனால் அனுப்புகிற பொத்தானை அழுத்தினால், வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. போனை அணைத்துப் போட்டார். ரோட்டில் மேலும் கீழும் நடந்து பார்த்தார். வானத்துக்கு நேராகக் கையைத் தூக்கியும் பார்த்தார். பலன் இல்லை. இரவு முழுக்கத் தூக்கம் இல்லை.

மறுநாள் காலையில் பக்கத்து ஊரில் ஒரு போன் கடைக்குப் போனார். கடைக்காரர் போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “உள்ளே போர்டு போச்சு. 1,800 ரூபாய் ஆகும்” என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் கூலி! முகம் வாடித் திரும்பியவரை, பஸ்சில் ஒரு கண்டக்டர் விசாரித்தார். தேவிகுளம் பக்கத்துத் தமிழர்.

“ஏன் தம்பி, இது எந்த ஊரு சிம்மு?”

“தேனியில வாங்குனதுண்ணே.”

“கொண்டா இங்க.”

கண்டக்டர் போனை வாங்கி, அமைப்புகளுக்குள் போய், ‘டேட்டா ரோமிங்’ என்று இருந்த ஒரு சின்னப் பொத்தானைத் தள்ளிவிட்டார். அவ்வளவுதான். அடுத்த நிமிடம் போன் கணகணவென்று அடிக்கத் தொடங்கியது. ராத்திரி முழுக்க வந்து தேங்கி நின்ற செய்திகள் ஒவ்வொன்றாகக் கொட்டின. கடைசியில் வந்தது ஒரு போட்டோ. துணியில் சுற்றிய பெண் குழந்தை. முந்தின இரவு 11 மணிக்கே பிறந்துவிட்டது. மாமியார் தன் காதுத் தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டியிருந்தார்.

போர்டும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. ஒரு பொத்தான் மூடிக்கிடந்தது. அதற்கு விலை, ஒரு ஜோடி தோடு.

ஏன் இப்படி?

டெலிபோன் கணக்கில் தமிழ்நாடு ஒரு வட்டம், கேரளம் வேறு வட்டம். தமிழ்நாட்டில் வாங்கிய சிம், போடிமெட்டைத் தாண்டியதும் விருந்தாளி ஆகிவிடுகிறது. இதைத்தான் ‘ரோமிங்’ என்கிறார்கள். போனின் மேல் மூலையில் சில சமயம் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து தோன்றுவது இதனால்தான். பேச்சு தடையில்லாமல் நடக்கும். ஆனால் சில போன்களில் டேட்டா மட்டும், “வெளி வட்டத்துக்கு வந்துவிட்டோம், முதலாளி உத்தரவு இல்லையே” என்று நின்றுவிடும். உத்தரவு கொடுப்பதுதான் அந்தப் பொத்தான்.

பலர் இதை வேண்டுமென்றே மூடி வைத்திருக்கிறார்கள். அது பழைய பயம். ஒரு காலத்தில் வெளிமாநிலத்தில் போனை எடுத்தாலே காசு பிடித்தார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது உள்நாட்டு ரோமிங்குக்குத் தனிக்கட்டணம் இல்லை என்று அறிவித்தது. பிற கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தன. இப்போது சாதாரண ரீசார்ஜ் திட்டங்களில் இந்தியாவுக்குள் எங்கே போனாலும் ஒரே கணக்குதான். ஆகவே உள்ளூர்ப் பயணத்தில் அந்தப் பொத்தானைத் திறந்து வைப்பதால் நஷ்டம் இல்லை. துபாய், சவுதி என்று கடல் கடந்து போகிறவர்கள் மட்டும் மறக்காமல் மூட வேண்டும். அங்கே திறந்து கிடந்தால் பில் ஆயிரக்கணக்கில் ஏறும்.

கேரளத்தில் செல்போன் வந்த கதையையும் ஒரு வார்த்தை சொல்லலாம். 1996 செப்டம்பர் 17-ந் தேதி கொச்சியில் முதல் செல்போன் பேச்சைத் தொடங்கிவைத்தவர் எழுத்தாளர் தகழி சிவசங்கரப்பிள்ளை. அன்றைக்கு அது பணக்காரர் பொருள். இன்றைக்குச் சித்தாள் கையிலும் இருக்கிறது. கூலியும் கடனும் வீட்டுச் செலவும் அதன் வழியாகத்தான் போய் வருகின்றன. ஆகவே ‘நெட்’ போனால் பொழுதுபோக்கு மட்டும் போகிறது என்று நினைத்துவிடக் கூடாது.

கடைக்குப் போகுமுன்

ரோமிங் திறந்தும் வரவில்லை என்றால் என்ன செய்வது? கண்டக்டர் போன்ற விவரம் தெரிந்தவர்கள் பார்க்கும் வரிசையே தனி. முதலில் அவர்கள் போனைத் தொடுவதில்லை. “ரீசார்ஜ் என்னைக்குப் போட்டே?” என்று கேட்கிறார்கள். பாதிப் பேருக்கு நாள் முடிந்திருக்கும். இன்னும் பலருக்கு அன்றைய அளவு தீர்ந்திருக்கும். ஒரு நாளுக்கு ஒன்றரை ஜி.பி. என்றால், காலையிலேயே இரண்டு சினிமாத் துண்டு பார்த்துவிட்டு மாலையில் பணம் அனுப்ப நினைத்தால் எப்படி? அளவு தீர்ந்ததும் பெரும்பாலான திட்டங்களில் வேகத்தை 64 கே.பி.பி.எஸ். என்று நூலாக்கி விடுகிறார்கள். கோடுகள் நிறைய இருக்கும், காரியம் நடக்காது. நள்ளிரவு தாண்டினால்தான் புது அளவு.

அடுத்தது இரட்டை சிம் குழப்பம். ஊர் சிம் ஒன்று, கேரள சிம் ஒன்று என்று இரண்டு போட்டிருப்பார்கள். பணம் போட்டது ஒன்றில், டேட்டா எடுக்கச் சொல்லி வைத்திருப்பது மற்றொன்றில். இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனவர்களும் உண்டு!

அதன்பிறகு விமானப் படம் போட்ட பொத்தான். அதை அழுத்தி அரை நிமிடம் பொறுத்து எடுத்தால், போன் பழைய டவரை விட்டுவிட்டுப் புதிதாகத் தேடும். மலைப்பாதையில் இது பெரிய மருந்து. காரணம் இருக்கிறது. போன் ஒரு டவரைப் பிடித்தால் லேசில் விடாது. போடிமெட்டிலும் டாப் ஸ்டேஷனிலும் நின்றால், கீழே தேனிச் சமவெளியின் விளக்குகள் தெரிவதுபோல அங்கத்திய டவர்களும் போனுக்குத் தெரியும். அவற்றின் சத்தம் மேலே கேட்கும். போனின் மெல்லிய குரல் கீழே எட்டாது. பக்கத்துக் கேரள டவர் சும்மா நிற்க, போன் தூரத்து டவரைக் கட்டிக்கொண்டு அழும்.

இன்னொரு கோளாறு, யாரோ எப்போதோ நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வைத்திருப்பது. ஊரில் அது சரி. எல்லை தாண்டினால் அந்தப் பெயரில் டவரே இருக்காது. ‘சர்வீஸ் இல்லை’ என்று வரும். ‘தானாகத் தேர்ந்தெடு’ என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது.

இத்தனைக்கும் மசியாவிட்டால் ‘ஏ.பி.என்.’ என்ற இடத்தைப் பார்க்க வேண்டும். டேட்டா எந்த வாசல் வழியாகப் போகவேண்டும் என்ற முகவரி அது. ஜியோவுக்கு ‘ஜியோநெட்’ என்றும், பி.எஸ்.என்.எல்.லுக்கு ‘பி.எஸ்.என்.எல்.நெட்’ என்றும் ஆங்கிலச் சின்ன எழுத்தில், நடுவில் இடம் விடாமல் இருக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் வாசல் திறக்காது. கடைசி மருந்து, நெட்வொர்க் அமைப்புகளைப் பழைய நிலைக்குத் திருப்புவது. இதில் படமும் நம்பர்களும் போகாது. வைபை ரகசியச் சொற்கள் அழிந்துவிடும். ஆனால் பக்கத்திலேயே ‘எல்லாவற்றையும் அழி’ என்று இன்னொரு வரி இருக்கும். அவசரத்தில் அதைத் தொட்டுவிட்டு அழுதவர்கள் ஏராளம்.

போனில் தேதி, மணி தவறாக இருந்தாலும் பாங்கிச் செயலிகள் திறக்காது. பாட்டரி செத்து எழுந்த பழைய போன்களில் இதைப் பார்க்கலாம். பி.எஸ்.என்.எல். பழைய சிம் வைத்திருப்பவர்கள் 4ஜி சிம்மாக மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த நிறுவனம் உள்நாட்டுத் தயாரிப்புக் கருவிகளைக் கொண்டே 4ஜி சேவையை 2025 செப்டம்பர் 27-ந் தேதி நாடு முழுவதற்கும் தொடங்கியது. பழைய சிம்மைப் போட்டுக்கொண்டு, “4ஜி எங்கே?” என்று கேட்டால் எப்படி வரும்?

மலையே சுவர்

எல்லாம் சரியாக இருந்தும் கிடைக்காத இடங்கள் உண்டு. அங்கே குற்றம் போனில் இல்லை. செல்போன் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவது. நடுவில் ஒரு மலைமுகடு வந்தால் அதன் மறுபக்கம் நிழல்தான். தோட்டத் தொழிலாளர் லயங்கள் பெரும்பாலும் பள்ளத்திலும் ஓடைக்கரையிலும் கட்டப்பட்டவை. ஆகவே அவை நிழலில் விழுகின்றன. கட்டிட வேலைக்கு வருகிறவர்கள் தங்கும் தகரக் கொட்டகையின் கதை அதைவிட மோசம். தகரம் அலையை உள்ளே விடாது. வெளியே வந்து நான்கடி தள்ளி நின்றாலே இரண்டு கோடு கூடுவதைப் பார்க்கலாம். டவர் இல்லாத இடத்தில் போன் ஓயாமல் தேடிக்கொண்டே இருப்பதால் பாட்டரியும் சீக்கிரம் காலியாகும். வேலை நேரத்தில் விமானப் பொத்தானை அழுத்தி வைத்தால் மாலை வரை சார்ஜ் நிற்கும்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. மரம் விழுந்து மின்சாரம் போகும். டவருக்கு உள்ள பாட்டரியும் டீசலும் தீர்ந்தால் டவரும் படுத்துவிடும்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்த மலையிலேயே சாட்சி உண்டு. 2020 ஆகஸ்டு 6-ந் தேதி இரவு, ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். கயத்தாறு பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் பலர். மழையில் மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. தப்பியவர்கள் இருட்டில் நடந்துபோய்ச் செய்தி சொல்ல வேண்டியிருந்தது. வெளியுலகுக்கு விவரம் தெரிந்தது மறுநாள் காலையில். மண்ணுக்குள் கிடந்தவர்களுக்கு அந்த ஓர் இரவு எவ்வளவு நீளமாக இருந்திருக்கும்!

அடுத்த ஆண்டு, 2021-ல், பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த நேரத்தில், ராஜமலைப் பகுதித் தொழிலாளர் பிள்ளைகள் சிக்னலைத் தேடி இரவிகுளம் தேசியப் பூங்காப் பாதை வரை போய், ரோட்டோரம் குடைபிடித்து உட்கார்ந்து பாடம் படித்தார்கள். வரையாட்டைப் பார்க்க ஊர் ஊராக வந்து போகும் இடத்தில், அந்தப் பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. சிக்னல் எட்டாத கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக ரூ.26,316 கோடித் திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை 2022 ஜூலையில் ஒப்புதல் கொடுத்தது. அரசு நிதியில் நிற்கும் டவர்களை பி.எஸ்.என்.எல்., ஏர்டெல், ஜியோ மூன்று கம்பெனிச் சந்தாதாரர்களும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கியது. ஒரு டவர், மூன்று கம்பெனிக்கும் பொது. இது எல்லா டவருக்கும் பொருந்தாது. அரசு நிதி டவர்களுக்கு மட்டும். தனியார் டவர்களும் இப்படிப் பொதுவானால் என்ன குறைந்துவிடும் என்று மலைக்காரர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே.

உயிருக்கு ஆபத்தான நேரத்தில் 112 என்ற எண்ணை மறக்கக் கூடாது. திரையில் ‘அவசர அழைப்பு மட்டும்’ என்று வந்தால், நம் கம்பெனி டவர் இல்லை, ஆனால் வேறு கம்பெனி டவர் ஒன்று எட்டுகிறது என்று பொருள். அதன் வழியாக 112 போகும். ரீசார்ஜ் முடிந்திருந்தாலும் போகும். எந்த டவரும் எட்டாத பள்ளத்தில் மட்டும் இதுவும் உதவாது. மேட்டுக்கு ஏறித்தான் ஆகவேண்டும்.

ரெயில் பயணிகளுக்கு

ரெயிலில் வருகிறவர்களுக்கும் இதே சோதனை. கோவையில் இருந்து பாலக்காடு போகும்போது வாளையாறிலும், செங்கோட்டையில் இருந்து புனலூர் போகும்போது குகைப்பாதைகளிலும் போன் திணறும். டிக்கெட் பரிசோதகர் வரும் நேரம் பார்த்து வட்டம் சுற்றும். முன்பதிவு டிக்கெட்டுக்குக் கவலை வேண்டாம். வந்த எஸ்.எம்.எஸ்.சும், அசல் அடையாள அட்டையும் போதும். ‘நெட்’ தேவை இல்லை. முன்பதிவில்லா டிக்கெட்டை ரெயில்வே செயலியில் எடுத்தவர்கள், அந்தச் செயலிக்குள்ளேயே ‘டிக்கெட்டைக் காட்டு’ என்ற இடத்தைத் திறந்து காட்ட வேண்டும். திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு காட்டினால் செல்லாது. இது தெரியாமல் அபராதம் கட்டிவிட்டு, “காசு கொடுத்துத்தானே எடுத்தேன்” என்று பிளாட்பாரத்தில் சண்டை போடுகிறவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

போடிக்கு 2023 ஜூன் முதல் அகலப்பாதை ரெயில் வருகிறது. அதில் வந்து பஸ் ஏறுகிற மூணாறு, சித்திரபுரம் பயணிகள், போடியிலேயே செய்துகொள்ள வேண்டியவற்றைச் செய்துகொள்வது நல்லது. வழி வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு அனுப்பவேண்டிய பணத்தை அனுப்பிவிடலாம். கையில் ஐந்நூறு ரூபாயாவது ரொக்கமாக வைத்துக்கொண்டால் மலையில் டீக்கடைக்காரரிடம் கூச்சப்பட வேண்டியிருக்காது. டேட்டா இல்லாமலே பணம் அனுப்ப *99# என்ற ஏற்பாடு உண்டு. சாதாரண போனிலும் வேலை செய்யும். ஆனால் எல்லாக் கம்பெனி சிம்மிலும் எடுப்பதில்லை. ஊரில் இருக்கும்போதே ஒருமுறை சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். தங்கும் இடத்தில் வைபை இருந்தால், ‘வைபை காலிங்’ என்பதைத் திறந்து, டவர் இல்லாமலே பேசலாம்.

ஏமாற்றுக்காரர்கள் உஷார்!

‘நெட்’ இல்லாமல் தவிப்பவனைத் தேடி வருகிற கூட்டமும் இருக்கிறது. “கம்பெனியில் இருந்து பேசுகிறோம். உங்கள் சிக்னலைச் சரிசெய்ய *401* போட்டு, நாங்கள் சொல்லும் நம்பரை அழுத்துங்கள்” என்பார்கள். அழுத்தினால் நமக்கு வரவேண்டிய அழைப்புகள் எல்லாம் அவனுக்குத் திரும்பிவிடும். போனில் சொல்லப்படும் ஓ.டி.பி.யும் அவன் காதுக்குப் போகும். அப்புறம் பாங்கிக் கணக்கு துடைத்ததுபோல் ஆகிவிடும். இந்த மோசடி பெருகியதால், இப்படி எண்களை அழுத்தி அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறையே உத்தரவு போட்டது. மோசடிக்காரர்கள் வேறு வழி தேடுவார்கள். சிக்னல் கோளாறுக்கு எந்தக் கம்பெனியும் ஓ.டி.பி. கேட்பதில்லை.

புகார் சொல்ல வேண்டும் என்றால் எல்லாக் கம்பெனிக்கும் 198 என்ற இலவச எண். பேசிய பிறகு புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் மேல்முறையீடு கிடையாது. டிராய் அமைப்பு 2024-ல் கொண்டுவந்த விதிகளின்படி, ஒரு மாவட்டத்தில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் வாடிக்கையாளருக்கு ஈடு கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் இடுக்கி மாவட்டத்துக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டிய விதி இது. எந்த இடத்தில் எந்த கம்பெனி சிக்னல் கிடைக்கும் என்ற வரைபடத்தையும் கம்பெனிகள் வெளியிட வேண்டும் என்று அதில் உள்ளது. வேலைக்கு மலையேறுமுன் அதைப் பார்த்து சிம் வாங்கினால் பாதித் தொல்லை குறையும்.

கொத்தனார் அடுத்த வாரக் கூலி கையில் கிடைத்ததும் போடி பஸ் ஏறினார். தோட்டை மீட்க வட்டியோடு சேர்த்து 6,120 ரூபாய் ஆயிற்று. திரும்பி வரும்போது குழந்தையின் படத்தைப் போனின் முகப்பில் வைத்துக்கொண்டு வந்தார். போடிமெட்டு தாண்டியதும் முதல் வேலையாக அந்தப் பொத்தான் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாராம்.